விமான எஞ்சினினுள் பனிக்கட்டி

கையில் ஸ்பிரிட் பூசினால் அவ்விடம் குளிர்வதை உணர்ந்திருப்பீர்கள். ஆவியாகும் திரவம் சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவதே அதற்குக் காரணம். இதே தத்துவம் பறக்கும் விமானமொன்றின் எஞ்சினையும் நிறுத்திவிடலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி உள்ளது. அங்கு விமானிகளைப் பயிற்றுவிக்க செஸ்னா 150 என்னும் சிறிய விமானம் பயன்பட்டு வந்துள்ளது. நான்கு சிலிண்டர்களைக் கொண்ட அதன் 100 குதிரை வலு எஞ்சினில் பெற்றோலும் வளியும் காபுரேற்றரில் கலக்கின்றன.

பனிக்கட்டி உண்டாகும் விதம்

1. காபுரேற்றரின் ஒடுங்கிய பகுதியில் வளி விரைந்து செல்வதால் அமுக்கமும் வெப்பநிலையும் குறைகின்றன.
2. பெற்றோல் ஆவியாவதால் வெப்பநிலை மேலும் குறைகிறது. மொத்த வீழ்ச்சி 20°C ஐயும் தாண்டலாம்.
3. வளியிலுள்ள நீராவி ஒடுங்கி, பின் உறைந்து, வளி செல்லும் வழியை அடைக்கிறது.

கடலோரத்தில் சாரீரப்பதன் அதிகம். எனவே வெளியே 30°C வெப்பம் இருந்தாலும், வலுவைக் குறைத்து இறங்கும் வேளையில் இது நிகழலாம்.

அறிகுறிகள்

சுழற்சி வேகம் மெல்லக் குறையும், எஞ்சின் அதிரும். விமானி சூடான வளியை உட்செலுத்தும் பிடியை இழுத்தவுடன் அதிர்வு கூடலாம். உருகிய நீர் எஞ்சினுள் செல்வதே காரணம். பயந்து பிடியை மீண்டும் தள்ளிவிடலாகாது. பனி உருகி முடிந்ததும் எஞ்சின் சீராகும்.

தரையில் குறை தேடல்

தரையிறங்கியபின் பனி உருகிவிடுவதால் தடயம் எதுவும் எஞ்சாது. ஆகவே தொழினுட்பவியலாளர் எஞ்சினை மட்டுமன்றி விமானியையும் விசாரிக்க வேண்டும்: அன்றைய காலநிலை என்ன? வலு எவ்வளவு? பிடியை இழுத்தபோது என்ன நடந்தது? அத்துடன் எரிபொருளில் நீர் கலந்துள்ளதா, இரு மக்னீற்றோக்களும் பிளக்குகளும் சரியாக இயங்குகின்றனவா என்பதையும் பார்ப்பார். தரையில் எஞ்சினை இயக்கிச் சூடான வளிப் பிடியை இழுத்தால் சுழற்சி வேகம் சற்றுக் குறைய வேண்டும். குறையாவிடின் சூடான வளி உட்செல்லவில்லை என ஐயுறலாம்.

2023 ஓகஸ்ட் 7 ஆம் திகதி சீனன்குடாவில் பரீட்சார்த்தப் பறப்பில் ஈடுபட்ட பீ.ரீ.-6 பயிற்சி விமானம் விழுந்து இருவர் உயிரிழந்தனர். அது வேறு வகை விமானம். அவ்விபத்தின் காரணம் இப்பாடத்திற்குரியதன்று. எனினும் பழுதுபார்ப்போர் ஒவ்வோர் அறிகுறியையும் ஏன் விடாது ஆராய்கின்றனர் என்பதை அது உணர்த்துகிறது.

மாதிரி வினா

பறப்பின்போது அதிர்ந்த எஞ்சின் தரையில் சீராக இயங்கியது. “குறை இல்லை” எனப் பதிவது ஏன் போதாது?

விடையில் ஆவியாதல், ஒடுங்கல், உறைதல், உருகல் ஆகிய நான்கையும் ஒழுங்குமுறையில் தொடர்புபடுத்துக.