வீட்டில் இருந்து வெளிநாட்டு வேலை: வரி எங்கே?

கலிபோர்னிய நிறுவனத்துக்கு ரொறன்ரோவில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்யும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. சம்பளம் அமெரிக்க டொலரில் வருவதால் இங்கே வரியில்லை என்று நாம் எண்ணலாகாது. கனடாவில் வதிபவர், பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அதைக் கனேடிய டொலருக்கு மாற்றி இங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

சுயதொழிலாக ஒப்பந்த வேலை செய்வோருக்கு வரி பிடிக்காமல் முழுத்தொகையும் கைக்கு வரும். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் நாமே கட்ட வேண்டும். வரிப்படிவம் அனுப்ப ஜூன் 15 வரை தவணை உண்டு. ஆனால் பணம் கட்ட ஏப்ரல் 30 தான் கடைசி நாள். பிந்தினால் வட்டி ஏறும்.

ஆகவே, பணம் வரும் அன்றே ஒரு பங்கை வேறாக ஒதுக்கிவைப்போம். பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் பாதுகாப்போம்.