லாக் ஃபைல் டிஸ்க்கை அடைக்காம இருக்க… அக்கா சொல்ற டிப்ஸ்

தம்பி, போஸ்ட்கிரெஸ் சர்வர் உன் கைக்கு வந்த உடனே லாக் எங்கே போகுதுன்னு பாரு. உபுன்டு பேக்கேஜ்ல போட்டிருந்தா, லாக்ரொடேட் வாராவாரம் மாத்தி, பத்து பழைய ஃபைலை வெச்சுக்கிட்டு மீதியைத் தானே தூக்கிடும். அங்கே நீ இன்னொரு ஏற்பாடு பண்ணாதே. ஒரு வேலைக்கு ரெண்டு பேர் வேண்டாம்.

அது இல்லாத இடத்துல லாகிங் கலெக்டரை ஆன் பண்ணு. இதுக்கு மட்டும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணணும், அதனால கூட்டம் இல்லாத நேரமாப் பாரு. மத்த செட்டிங்குக்கெல்லாம் ரீலோட் போதும்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. டீஃபால்ட்ல ஒரு நாளைக்கு ஒரு தரம், இல்லேன்னா 10 எம்பி ஆனதும் புது ஃபைல் திறக்கும். பழசை யாரு அழிப்பா? யாரும் இல்லை! ஃபைல் பேர்ல தேதியும் நேரமும் இருக்கிறதால மேல மேல சேர்ந்துக்கிட்டே போகும். ஒரு வார லாக் போதும்னா, பேர்ல தேதிக்குப் பதிலா கிழமை வர்ற மாதிரி வை: சதவீதக் குறி, பக்கத்துல சின்ன 'ஏ'. ரொட்டேஷன் ஏஜ் ஒரு நாள், ரொட்டேஷன் சைஸ் 0, ட்ரன்கேட் ஆன் ரொட்டேஷன் ஆன். அடுத்த செவ்வாய் வந்ததும் போன செவ்வாய் லாக் மேலேயே புதுசா எழுதும். நள்ளிரவு நேரத்துல சர்வர் ரீஸ்டார்ட் ஆச்சுன்னா மட்டும் பழசு அழியாது, அதோட தொடர்ச்சியாவே எழுதும். அந்த வாரம் ஃபைல் பெருசா தெரிஞ்சா பதறாதே.

டிஸ்க் ஏற்கெனவே நிரம்பிடுச்சா? ஓடிட்டிருக்கிற லாக்கை ஆர்எம் போட்டு அழிச்சாலும் இடம் திரும்ப வராது. சர்வர் அந்த ஃபைலைத் திறந்தே வெச்சிருக்கும். ட்ரன்கேட் கமாண்ட்ல உள்ளே இருக்கிறதை மட்டும் காலி பண்ணு.

லாக் ஏன் இவ்வளவு ஊதுதுன்னும் பாரு. எதையோ தேடுறதுக்காக எல்லா குவெரியையும் எழுதச் சொல்லிட்டு, அணைக்க மறந்திருப்பாங்க. ஒரு செகண்டுக்கு மேல ஓடுற குவெரியை மட்டும் எழுதச் சொன்னாலே பெரும்பாலான இடத்துக்குப் போதும்.

கடைசியா ஒண்ணு. டேட்டா டைரக்டரிக்குள்ள பிஜி_வால்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். முன்னே அதுக்குப் பேர் பிஜி_எக்ஸ்லாக். பேர்ல 'லாக்' இருக்கேன்னு பார்த்து, இடம் பண்றேன்னு அழிச்சு டேட்டாபேஸையே இழந்தவங்க உண்டு. அதனாலதான் 2017-ல வந்த 10-ஆம் வெர்ஷன்ல பேரையே மாத்தினாங்க. இடம் எவ்வளவு நெருக்கடியா இருந்தாலும் அந்த ஃபோல்டர்ல மட்டும் கை வைக்காதேடா.