கேளாமல் எழுந்த சிகரம்

அன்புள்ள தம்பிக்கு,

குளோரின் இட்ட குடிநீரில் விளையும் குளோரோபார்ம் முதலியவற்றை அளப்பதற்கென வந்த மாதிரியில், பட்டியலில் இல்லாத சிகரமொன்று வரைபடத்தில் எழுந்ததென்றும், கேட்டதற்கு மட்டும் விடை எழுதினால் போதுமென்று உடனிருப்போர் சொல்கிறார்களென்றும் எழுதியிருந்தாய். போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், கேம்ப் லெஜூன் என்னும் படைத்தளத்தின் நீரை 1980-இல் இதே நோக்கத்துடன் சோதிக்கத் தொடங்கிய இராணுவ ஆய்வுக்கூடத்தார், வேறு கரைப்பான்கள் கலந்து தம் அளவீட்டையே குழப்புவதாக எச்சரித்தனர். 1982-இல் மற்றோர் ஆய்வுக்கூடம் அவை டிரைகுளோரோஎத்திலீனும் டெட்ராகுளோரோஎத்திலீனும் என்று பெயரிட்டே அறிவித்தது. முன்னதற்குப் பிற்காலத்தில் அந்நாடு விதித்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். 1982-இல் ஒரு குழாயில் கண்டதோ 1,400. கிணறுகளை முறைவைத்து இறைத்தமையால் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் சொற்பமாயும் தோன்றிய அந்த விஷம், ஐயத்துக்கு இடந்தந்து, 1984-இன் இறுதிவரை மாசுபட்ட கிணறுகளை மூடவொட்டாமல் காலத்தைக் கடத்திற்று. அத்தனை நாளும் அங்கே கர்ப்பிணிகளும் சிசுக்களும் இருந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் என் மனம் ஆறுவதில்லை.

ஆகையால், மாதிரி எடுக்கும் வேளையில் எந்தக் கிணறு ஓடிற்று என்பதைத் தவறாமல் குறித்துக்கொள். நாற்பது மில்லிலிட்டர் குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடிக் கவிழ்த்துப் பார்க்கையில் கடுகளவு குமிழி தென்பட்டாலும் அதை விலக்கிவிட்டு வேறொன்று எடு. நீரை விட்டுக் காற்றுக்குத் தாவுவதே இப்பொருள்களின் சுபாவமாதலால், அக்குமிழிக்குள் உன் உண்மையில் ஒரு பங்கு ஒளிந்துகொள்ளும்.

அதே சுபாவந்தான் சிகிச்சைக்கும் துணை. கோபுரத்தில் நீரை மேலிருந்து சிதறவிட்டுக் காற்றைக் கீழிருந்து எதிர்த்துச் செலுத்தினால், இவ்வினத்தைச் சேர்ந்த வினைல் குளோரைடு எளிதில் அகன்றுவிடும். கிளர்வூட்டிய கரியில் அது நன்கு ஒட்டுவதில்லை. டெட்ராகுளோரோஎத்திலீனைக் கரி உறுதியாகப் பற்றும். ஆனால் நிறைந்துபோன கரி, தான் முன்பு பிடித்துவைத்த இலேசான பொருள்களை, உள்ளே வரும் நீரிலிருப்பதினும் மிகுதியாகவே வெளியே விட்டுவிடவும் கூடும் என்பதை மறவாதே. இரு தொட்டிகளைத் தொடராக வைத்து, இடையிலிருந்தே மாதிரி எடுப்பது இதற்காகத்தான். வீட்டார் கொதிக்கவைத்துத் தப்பலாமென்பது அபாயகரமான ஆறுதல். நீரை விட்டகன்ற விஷம் சமையலறைக் காற்றில் மீண்டும் அவர்களையே சேரும்.

உன் சிகரத்துக்கு வருகிறேன். தூய நீரடைத்த சாட்சிக் குப்பியொன்றையும் களத்துக்கு உடன்கொண்டு சென்று மாதிரியை மறுபடி எடு. நிறை நிறமாலைமானியில் அதன் அடையாளத்தை நிச்சயப்படுத்து. கிணறு கிணறாகப் பிரித்துச் சோதி. முதல் அறிக்கையிலேயே, இனந்தெரியாத பொருளொன்று உண்டு, ஆராய்ந்து வருகிறோம் என்று தெளிவாக எழுதி, கிணற்றை நிறுத்தும் அதிகாரம் உடையவருக்கே நேரில் அனுப்பு. ஒரு வாரத்தில் மறுமொழி வாராவிடில் மீண்டும் எழுதி, நகலொன்றை எனக்கும் அனுப்பு.

இங்ஙனம்,
உன் அண்ணன்