வைட்டமின் சி: சர்வரோக நிவாரணியா?

(அறிவியல் பகுதி)



ஒன்பதாம் வகுப்பில் வைட்டமின் அட்டவணையை மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? "வைட்டமின் சி, அஸ்கார்பிக் அமிலம், குறைபாட்டு நோய் ஸ்கர்வி" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்போம். இரண்டு மார்க் கிடைக்கும். அதோடு மறந்துபோகும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு பெரிய விவாதம் நடக்கிறது. "வைட்டமின் சி-யை அதிக அளவில் கொடுத்தால் புற்றுநோய் போன்ற கடுமையான நோய்களையும் வெல்லலாமா?" என்பதுதான் அது. அதில் ஒரு பக்கம் நின்றவர் இரண்டு நோபல் பரிசு வாங்கியவர்! வாங்க, விஷயத்துக்குப் போவோம்.

1. கப்பலில் நடந்த சோதனை

அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் போகும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம்கூட மறுபடி திறந்துகொள்ளும். இதுதான் ஸ்கர்வி. 1747-ல் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. ஆனால் ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு மருந்து. ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறே நாளில் அந்த ஜோடியில் ஒருவர் எழுந்து வேலைக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டார்!

பழத்தில் என்ன இருந்தது என்பது லிண்டுக்குத் தெரியாது. அதைப் பிரித்தெடுத்தவர் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது. குரங்கு, கினிப்பன்றி ஆகியவற்றாலும் முடியாது. நமக்குச் சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும். தோல், ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாக இது தேவை. ஆகவே ஸ்கர்விக்கு வைட்டமின் சி உண்மையான மருந்து. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

குறையை நிரப்பினால் குறைபாட்டு நோய் போகும், சரி. குறையே இல்லாதவருக்கு அளவுக்கு மேல் கொடுத்தால் வேறு நோய் போகுமா? விவாதமே இங்கேதான்.

2. லைனஸ் பாலிங் வருகிறார்

அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் பாலிங், வேதிப்பிணைப்பு பற்றிய ஆய்வுக்காக 1954-ல் வேதியியல் நோபல் பெற்றவர். அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காக 1962-ன் அமைதி நோபலும் அவருக்கே. யாரோடும் பங்கு போடாமல் இரண்டு நோபல் வாங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

1970-ல் ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி நல்லது என்று ஒரு புத்தகம் எழுதினார். மக்கள் கடைகளில் குவிந்து மாத்திரை வாங்கினார்கள். பிறகு ஸ்காட்லாந்தின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் யூவன் கேமரனுடன் சேர்ந்து 1976-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். புற்றுநோய் முற்றிய 100 பேருக்குத் தினம் 10 கிராம் வைட்டமின் சி கொடுத்தார்கள். அதே போன்ற 1000 பழைய நோயாளிகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். வைட்டமின் சி பெற்றவர்கள் சராசரியாக நான்கு மடங்குக்கும் மேல் அதிக நாள் உயிரோடு இருந்தார்கள் என்றார்கள். (10 கிராம் என்பது ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 80 மில்லிகிராமைப் போல 125 மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்க!)

படிச்சதும் எனக்கும் பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற விஞ்ஞானிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஒப்பீடு நியாயமானதா?"

விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்கு விசில் அடிக்கும்போதே ஸ்டாப்வாட்ச்சை அழுத்துகிறோம். இன்னொருவனுக்குப் பாதி தூரம் ஓடின பிறகு அழுத்துகிறோம். இரண்டு நேரத்தையும் ஒப்பிட முடியுமா? அதே போல, "இனி சிகிச்சையால் பயனில்லை" என்று ஒரு நோயாளியை எந்த நாளில் முடிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர் வாழ்ந்த நாட்கள் எண்ணப்பட்டன. அந்த முடிவைப் புது நோயாளிகளுக்கு முன்னதாகவும் பழைய நோயாளிகளுக்குத் தாமதமாகவும் எடுத்திருந்தால், மருந்தே வேலை செய்யாவிட்டாலும் நாட்கள் கூடித்தான் தெரியும்.

3. மேயோ கிளினிக்கின் பதில்

நியாயமான சோதனைக்கு என்ன வழி? ஒரே காலத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து. இன்னொன்றுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் இப்படிச் செய்து 1979-ல் முடிவை வெளியிட்டது. இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை! "இவர்களில் பலர் முன்பே கீமோதெரபி எடுத்து எதிர்ப்புச் சக்தியை இழந்தவர்கள்" என்றார் பாலிங். சரி என்று, கீமோதெரபி எடுக்காத குடல் புற்றுநோயாளிகள் 100 பேரிடம் மறுபடி சோதித்தார்கள். 1985-லும் அதே பதில்தான். "நோய் வளர்ந்ததும் வைட்டமினை நிறுத்திவிட்டார்கள்" என்று பாலிங் மறுத்தார். 1994-ல் 93 வயதில் இறக்கும்வரை அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

4. மாத்திரை வேறு, ஊசி வேறு

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். கேமரன் முதல் சில நாட்கள் நரம்பு வழியாக மருந்தை ஏற்றினார். மேயோவில் வாய் வழியாக மட்டுமே கொடுத்தார்கள்.

வாயில் போட்டால் குடல் ஓர் அளவுக்கு மேல் உறிஞ்சாது. ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிகூட உள்ளே போகாது. உள்ளே போனதிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நரம்பு வழியாக ஏற்றினால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். அவ்வளவு செறிவில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிப் புற்றுச் செல்கள் சாவதையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள்.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. சீனாவில் 442 குடல் புற்றுநோயாளிகளிடம் கீமோதெரபியோடு சேர்த்து ஏற்றிப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. 2024-ல் அமெரிக்காவின் அயோவாவில் 34 கணையப் புற்றுநோயாளிகளிடம் செய்ததில், கீமோ மட்டும் பெற்றவர்கள் ஏறக்குறைய 8 மாதமும், வைட்டமின் சி-யும் சேர்த்துப் பெற்றவர்கள் 16 மாதமும் வாழ்ந்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் 34 பேர் என்பது நம் வகுப்பைவிடச் சின்னக் கூட்டம். பெரிய ஆய்வு வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

5. தீவிர சிகிச்சைப் பிரிவில்

நோய்த்தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 2017-ல் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் வைட்டமின் சி-யோடு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த 47 பேரில் 4 பேரே இறந்தார்கள். அதற்கு முன் அப்படிக் கொடுக்காத 47 பேரில் 19 பேர் இறந்திருந்தார்கள். உலகமே பரபரப்பானது. கவனிச்சீங்களா? இதிலும் பழைய நோயாளிகளோடுதான் ஒப்பீடு!

குலுக்கல் முறையில் 2020-ல் வந்த ஆய்வு வித்தியாசம் இல்லை என்றது. 2022-ல் வந்த, 872 பேரைச் சேர்த்த ஆய்வில் நிலைமை தலைகீழ். 28-ம் நாளில் இறந்தவர்கள் அல்லது உறுப்புச் செயலிழப்போடு இருந்தவர்கள் வெறும் மருந்து பெற்ற குழுவில் 38.5 சதவீதம், வைட்டமின் சி பெற்ற குழுவில் 44.5 சதவீதம். "வைட்டமின்தானே, கெடுதல் செய்யாது" என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும்.

6. நான் இதை ஏன் தேடிப் படித்தேன்?

எங்க பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, இரண்டாவது கீமோ எடுத்தபோது வாந்தியும் சோர்வும் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரர் ஒருவர், "இந்த விஷ மருந்தை நிறுத்திட்டு வைட்டமின் சி டிரிப் போட்டா போதும். நோபல் பரிசு வாங்கினவரே சொல்லியிருக்காரு" என்றார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "நீதான் சயின்ஸ் படிக்கிறியே, இது உண்மையாடி?" என்று கேட்டார்கள்.

உயிரியல் சாரிடம் கேட்டு, படித்து, மேலே எழுதியதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் முறையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் பற்றி 2018-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இது வைட்டமின் சி பற்றி மட்டுமான ஆய்வு இல்லை. ஆனாலும் கீமோவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது பதில். பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, டாக்டர்கிட்டயே கேட்டுடுவோம்" என்றார்கள். டாக்டர் வாந்திக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். இப்போது நான்காவது கீமோ முடிந்திருக்கிறது.

சொன்ன சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. பாசத்தில் சொன்னார். பாலிங்கும் பொய் சொன்னவர் இல்லை. ஆனால் சொல்பவர் எவ்வளவு பெரியவர் என்பது ஆதாரம் ஆகாது. எப்படிச் சோதித்தார்கள் என்பதுதான் ஆதாரம்.

தெரிந்துகொள்வோம்

* நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, குடைமிளகாய் எல்லாவற்றிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. ஒரு கொய்யாப்பழமே ஒரு நாளைக்குப் போதும்.
* அதிக நேரம் கொதிக்க வைத்தால் வைட்டமின் சி அழியும்.
* தினமும் வைட்டமின் சி சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்கு ஜலதோஷம் வராமல் இருப்பதில்லை. வந்தால் இருக்கும் நாள் கொஞ்சம் குறைகிறது.
* மிக அதிக அளவு சிலருக்குச் சிறுநீரகக் கல்லை உண்டாக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ஊசியாக ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும் அபாயம் உண்டு.

யோசித்துப் பாருங்கள்

1. லிண்ட் எல்லா மாலுமிகளுக்கும் ஒரே சாப்பாடு கொடுத்தது ஏன்?
2. 1976 ஆய்வுக்கும் 2017 ஆய்வுக்கும் உள்ள ஒரே மாதிரியான குறை என்ன?
3. வெறும் மாத்திரை எதற்கு?

விடைகளைத் தாளில் எழுதி நூலகத்துக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்!



– பிளஸ் ஒன் 'ஆ' பிரிவு மாணவி