கைத்துப்பாக்கியின் டிரிகரும் உராய்வு விதியும்

தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் அரைபடாது. அம்மி கொத்துபவரை அழைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்தி வாங்கிய பிறகே அது மீண்டும் பயன்படும். அம்மிக்குத் தேவையான அதே சொரசொரப்பு துப்பாக்கியின் உள்ளுறுப்புகளில் இருந்துவிட்டால் குறி தப்புகிறது. அது எதனால் வருகிறது, எப்படி நீக்கப்படுகிறது, எந்த எல்லையோடு நிறுத்த வேண்டும் என்பவற்றை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கு ஆராய விழைகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். டிரிகரைத் தமிழில் 'விசை' என்பர். நம் பாடத்திலோ விசை என்பது வேறு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குழப்பமே மிஞ்சும் என்பதால், என்.சி.சி. மைதானத்தில் வழங்கும் 'டிரிகர்' என்ற சொல்லையே ஆளுகிறேன்.

என்.சி.சி. பயிற்சியில் நாங்கள் சுட்ட .22 ரைபிள்களுள் ஒன்றைக் கண்டாலே அனைவரும் ஒதுங்குவோம். அதன் டிரிகரை அழுத்தினால் சிறிது நகரும், பின் சிக்கி நிற்கும். மேலும் அழுத்தினால் எதிர்பாராத கணத்தில் சட்டென்று விடுபடும். அந்தத் திடுக்கத்தில் குழல் அசைந்துவிடும். அசைவு சிறிதுதானே என்று எண்ண வேண்டாம். கைத்துப்பாக்கியில் முன், பின் குறிகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 16.5 செ.மீ. என்று கொள்வோம். முன்குறி 1 மி.மீ. விலகினால், ஒத்த முக்கோணங்களின்படி 25 மீட்டரில் குண்டு சுமார் 15 செ.மீ. தள்ளிப் போகும்.

இதன் காரணம் நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் உள்ள வேறுபாடு. நின்ற பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். ஆகவே விரல் விசையைக் கூட்டிக்கொண்டே போகிறது. பிடி விட்டதும் மிகுதியான விசை துள்ளலாக வெளிப்படுகிறது. கேரம் பலகையில் பவுடர் தூவாமல் ஆடியவர்கள் இதை நன்கு உணர்ந்திருப்பர்.

கேரம் என்றதும் 'ஸ்ட்ரைக்கர்' நினைவுக்கு வருகிறது. சில துப்பாக்கிகளில் வெளியே தெரியும் சுத்தியல் போன்ற உறுப்பு தோட்டாவைத் தட்டும். வேறு சிலவற்றில் சுருள்வில்லால் உந்தப்படும் ஸ்ட்ரைக்கர் என்னும் முளை உள்ளுக்குள்ளேயே நேராகப் பாய்ந்து குத்தும். நம் .22 போல்ட் ரைபிளும் இவ்வகையே. 1980களில் ஆஸ்திரியாவில் உருவான கிளாக் கைத்துப்பாக்கி இவ்வகையில் இன்று உலகறிந்தது. அதன் டிரிகரை அழுத்தும்போது விரல் ஒரே ஒரு வில்லோடு போராடுவதில்லை. டிரிகரோடு இணைந்த பட்டை பின்னோக்கி நகர்ந்து, பாதி இழுபட்ட ஸ்ட்ரைக்கரை முழுவதுமாக இழுக்கிறது. அதே நேரத்தில் பாதுகாப்பு முளை ஒன்றை மேலே தள்ளுகிறது. முடிவில் ஒரு சரிவில் இறங்கி ஸ்ட்ரைக்கரை விடுவிக்கிறது. எஃகும் எஃகும் உரசும் இந்த இடங்களில் எங்கே பிசிறு இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடிபோல் மின்னும் எஃகுப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடுபள்ளம்தான். மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. உண்மையான தொடுபரப்பு, கண்ணுக்குத் தோன்றுவதில் மிகச் சிறு பகுதியே. பவுடன், டேபர் ஆகிய இருவர் 1950இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக நிறுவியது. அம்முகடுகளைத் தேய்ப்பதே மெருகிடுதல்.

மெருகிடும் பொருள்களுள் தலையாயது நம் மண்ணுக்கு உறவானது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தக்கல் உண்டு. மோஸ் அளவில் இதன் கடினம் 9, வைரம் 10. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' சென்று திரிந்ததுதான். சாணைக்கல்லிலும் எமரித் தாளிலும் வேலை செய்வது இதுவே. (அதே சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலவு மண்ணுக்கு ஒப்பான மண்ணை இஸ்ரோ தயாரித்து, சந்திரயான்-2 ஆய்வுகளுக்குப் பயன்படுத்தியது. நம்மூர்ப் பாறைக்கு இத்தனை பெருமையா என்று நான் வியந்ததுண்டு.)

ஆனால் மெருகுக்கும் எல்லை உண்டு. பல உறுப்புகளில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்த்தால் உள்ளிருக்கும் மெல்லிய எஃகு விரைவில் தேயும். ஸ்ட்ரைக்கரைத் தாங்கும் விளிம்பின் கோணம் மாறினால் துப்பாக்கி தானே வெடிக்கும் நிலை வரலாம். டிரிகர் வழுவழுப்பாக இருப்பது வேறு, இலேசாக இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை என்பது என் கருத்து. துப்பாக்கி சுடும் போட்டிகளிலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தது 1000 கிராம் டிரிகர் எடை இருந்தாக வேண்டும். டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டே சோதிக்கிறார்கள். டிரிகரின் சொந்த நிறைகூடப் பொருட்படுத்தத் தக்கது. சிக் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தபோது வெடித்ததாகச் சோதனைகள் காட்டின. 2017இல் அந்நிறுவனம் டிரிகர் முதலிய உறுப்புகளை நிறை குறைந்தவையாக மாற்றித் தர முன்வந்தது. துப்பாக்கி தரையில் மோதி நின்ற பின்னும் கனமான டிரிகர் நிலைமத்தால் தன் வழியே நகரும் என்பது நாம் முதலாண்டில் படித்த நியூட்டன் விதிதான்.

எனவே முறை இதுதான்: முதலில் துடைத்தல், பிறகு எண்ணெய், அதற்குப் பின்னரே மெருகு. உலர்ந்த எஃகின் உராய்வைச் சிறிது எண்ணெய் பல மடங்கு குறைத்துவிடும். மெருகு என்பது பயின்ற ஆர்மரரின் வேலை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பிறருக்காகத் துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.

எங்கள் ரைபிளும் ஆர்மரரிடம் போயிற்று. அவர் பிரித்துப் பார்த்தபோது, பழைய எண்ணெய் வெடிமருந்துக் கரியோடு சேர்ந்து தார்போல் உறைந்திருந்ததாம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புது எண்ணெய் இட்டார். எமரித் தாளை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த பயிற்சியில் அதே ரைபிளுக்கு வரிசையில் நின்றோம்.