நீர்க்குழாய் வேலைக்குத் துளைவாள்: பயன்படுத்தலும் பேணலும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. காலபோக நெல் மாரி மழையை நம்பியது; வெங்காயமும் மிளகாயும் மரக்கறிகளும் கிணற்றை நம்பியவை. அக்கிணற்று நீரோ சுண்ணாம்புக் கற்பாறையினுள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீராகும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். ஆகையால் இறைத்த நீர் வீண்போகாமற் காத்தல் வேண்டும்.

தாங்கியிலும் குழாயிலும் இணைப்புப் பொருத்திய இடம் ஒழுகுவதற்குப் பிழையான துளையும் ஒரு காரணமாகும். காய்ச்சிய கம்பியாற் சுட்ட துளை சரிவட்டமாக அமையாது. றப்பர் வளையம் அதில் இறுகப் பற்றாது. நிமிடத்துக்கு 1 லீற்றர் ஒழுகினும், 6 மணி நேரத்தில் 360 லீற்றர் நீர் இழப்பாகும்.

இதனைத் தடுக்க உதவுவது துளைவாள். கிண்ணம் போன்ற உருவமும், விளிம்பிற் பற்களும், நடுவில் வழிகாட்டும் அலகும் உடையது. கடைகளில் ‘ஹோல் சோ’ என்று கேட்டுப் பெறலாம். இதனை மின்துறப்பணத்திற் பூட்டிப் பயன்படுத்த வேண்டும்.

அளவு தேர்தல்

ஓரங்குல இணைப்பி என்பது பெயரளவு மாத்திரமே. தாங்கிச் சுவரினூடு நுழையும் மரைப் பகுதியின் வெளிவிட்டத்தை அளந்து, அது நுழையக்கூடிய மிகச் சிறிய வாளைத் தெரிவு செய்க. சொட்டுநீர்ப் பாசனத்துக்குரிய றப்பர் வளையமாயின், அதனைச் செய்தோர் குறித்த அளவையே கொள்க. முதலில் கழிவுக் குழாய்த் துண்டொன்றிற் துளைத்துப் பொருத்திப் பார்த்தல் நன்று. சிறு துளையைப் பெருப்பிக்கலாம்; பெருந்துளையைச் சிறிதாக்க முடியாது.

துளைக்கும் முறை

1. தாங்கியின் சமதளமான பகுதியைத் தெரிந்து, நடுப்புள்ளியை ஆணியாற் குறியிடுக. குழாயை உருளாதபடி மரக்கட்டையில் இறுக்குக.

2. துறப்பணத்தின் சம்மட்டி இயக்கத்தை நிறுத்திக் குறைந்த வேகத்திற் துளைக்குக. வேகம் மிஞ்சினால் பிளாத்திக்கு உருகிப் பற்களில் ஒட்டும்.

3. அழுத்தித் தள்ளலாகாது. இடையிடையே வாளை வெளியெடுத்துத் தூளை அகற்றுக.

4. இரும்புத் தகடாயின் சிறிது எண்ணெய் இடுக. எரிபொருள் இருந்த பீப்பாவை ஒருபோதும் துளைக்கலாகாது. உள்ளே தங்கிய ஆவி தீப்பற்றும்.

5. துளையின் விளிம்பை அரத்தாளால் மென்மையாக்குக. குழாயினுள் விழுந்த வட்டத்துண்டையும் தூளையும் நீர் பாய்ச்சிக் கழுவிய பின்னரே சொட்டுக் குழாய்களைப் பூட்டுக. இல்லையேல் அவை அடைத்துவிடும்.

காவல்

வாள் திடீரெனச் சிக்கினால் துறப்பணம் கையை முறுக்கும். பக்கப் பிடியைப் பூட்டி இரு கைகளாலும் பிடிக்குக. கண்ணாடி அணிக, சால்வையும் கையுறையும் வேண்டாம். ஈரத்தரையில் நின்று வேலை செய்யலாகாது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரே வாளைத் தொடுக.

பேணல்

வேலை முடிந்ததும் உள்ளே சிக்கிய துண்டை, வாள் ஆறிய பின் வழிகாட்டி அலகுக்குச் சேதமின்றி எடுத்துவிடுக. பற்களைத் தூரிகையால் துப்புரவு செய்க. நம் கடற்காற்று உப்பு நிறைந்தது. இயந்திர எண்ணெய் தடவி உலர்ந்த துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்தால் துருப்பிடியாது. மழுங்கிய வாள் வெட்டாது சூடேறும். பல் உடைந்ததை மாற்றிவிடுக. வழிகாட்டி அலகை மாத்திரம் தனியே மாற்றலாம்.

காலபோக அறுவடை முடிந்து தோட்ட இறைப்புத் தொடங்குமுன், உங்கள் இணைப்புகள் அனைத்தையும் ஒருமுறை பார்த்துச் சீர்செய்க. ஒழுக்கை அடைப்பவர் தம் கிணற்றைக் காப்பவராவார்.