பெட்ரோல் நிரப்பியபின் நின்றுபோகும் வண்டி

பெட்ரோல் இன்மையால் மோட்டார் வண்டி நின்றுவிடுவது எவரும் அறிந்ததே. ஆயின், பசித்திருந்தவன் வயிறார உண்ட மாத்திரத்தில் மயங்கி விழுவதுபோல, தொட்டி நிறையப் பெட்ரோல் பெற்றவுடனே நின்றுபோகும் வண்டியும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிக்கப் என வழங்கும் சுமை வண்டிகளை உடையோர் பலர் இத்தொல்லையை நன்கறிவர். நம் நாட்டுச் சுமை வண்டிகளுட் பல டீசலால் இயங்குவன. டீசல் எளிதில் ஆவியாகாதாதலின் அவற்றை இந்நோய் அணுகுவதில்லை. அந்நாட்டுப் பிக்கப்புகளோ பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். அவற்றின் இக்குறைக்குக் காரணம் யாதென ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நோயின் குறிகளை முதற்கண் நோக்குவோம். ஒருவர் தொட்டியை நிரப்பிச் சாவியைத் திருப்புகின்றார். எஞ்சின் சுழல்கின்றது, பற்றவில்லை. மீண்டும் முயலப் பற்றி, இருமி, குலுங்கி அடங்கிவிடுகின்றது. ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு முயன்றால் பெட்ரோல் நாற்றத்தோடு ஒருவாறு புறப்படுகின்றது. சில நிமிஷங்கள் ஓடியபின் யாதொரு குறையுமில்லை. அடுத்த முறை நிரப்புமளவும் நன்றாகவே ஓடும். இதனைச் சிறு தொல்லையென்று தள்ளுதற்கில்லை. பங்க்கினின்று பெருஞ்சாலையில் திரும்பும் தருணத்தில் எஞ்சின் அடங்குமாயின், ஸ்டியரிங் கனத்துவிடும்; பிரேக்கும் இரண்டு மூன்று முறை மிதித்தபின் துணைவலி இழந்து கடினமாகும்.

எவரும் முதலிற் பழி சுமத்துவது பங்க்கின்மீதே. பெட்ரோலில் நீர் கலந்திருக்குமாயின், அத்தொட்டி தீருமளவும் எஞ்சின் தடுமாறும். சில நிமிஷங்களில் தெளிந்துவிடாது. வெவ்வேறு பங்க்குகளில் நிரப்பினும் இதே குறை தோன்றுமாயின் பழி பங்க்கினுடையதன்று. பெட்ரோல் பம்ப்பின்மீது ஐயுறுவாருமுளர். பம்ப் தளர்ந்திருப்பின், மேட்டில் சுமையேற்றிச் செல்லுங்காலன்றோ வண்டி திணறவேண்டும்? இவ்வேறுபாட்டை ஓராது பம்ப்பையும் பிளக்குகளையும் மாற்றிப் பணத்தை இழந்தோர் பலர்.

உண்மைக் காரணம் பெரும்பாலும் பெட்ரோலின் ஆவியேயாம். காற்று மாசுறாதிருத்தற்பொருட்டு, தொட்டியில் எழும் ஆவியை வெளியே விடலாகாதென்னும் விதி கலிபோர்னியாவில் 1970-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கும், அந்நாடு முழுமைக்கும் 1971-ஆம் ஆண்டு மாதிரிகளுக்கும் ஏற்பட்டது. ஆகவே கரி நிறைந்த கலமொன்று தொட்டியோடு இணைக்கப்பட்டது. இக்கரி அடுப்புக்கரி போன்றதன்று. அதன் ஒரு கிராமுக்குள் நுண்துளைகளின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேற்படும். அப்பரப்பிலே ஆவி ஒட்டிக்கொள்ளும். ரசாயனசாலையில் நிறமுள்ள நீரைக் கரித்தூளிட்டு வடித்து நிறம் நீக்கிய மாணாக்கர் இதன் தன்மையை உணர்வர். தொட்டியில் அறுபது லிட்டர் பெட்ரோல் இறங்கினால், அங்கிருந்த ஆவி கலந்த காற்று ஏறக்குறைய அவ்வளவே வெளியேறியாக வேண்டும். 1998-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து படிப்படியாக அதுவும் இக்கரிக்கலத்துட் செலுத்தப்படலாயிற்று. ஆகவே பெட்ரோல் நிரப்பி முடிந்த கணத்திற்றான் கரிக்கலம் ஆவியால் நிறைந்திருக்கும்.

கலத்திற்கும் எஞ்சினுக்கும் இடையே பர்ஜ் வால்வு என்னும் சிறு மின்கதவு ஒன்றுண்டு. மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். எஞ்சின் சூடேறி ஓடுங்காற் கணினி அதனைத் திறக்கும். எஞ்சின் அவ்வாவியை உறிஞ்சி எரித்துவிடும். தேய்மானத்தாலோ கரித்தூள் அடைத்தலாலோ அக்கதவு மூடாது நின்றுவிடின், கேளாத வேளையில் ஆவி எஞ்சினுட் புகும். பெட்ரோலாவி காற்றிற் கன அளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கிற்குக் குறையினும் 7.6 பங்கிற்கு மிகினும் தீப்பற்றாது. மிகுந்தமையால் அணைவதே இங்கு நிகழ்வது. ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் காற்று மிகுதியாகப் புகுந்து கலவையைத் திருத்துதலின் எஞ்சின் பற்றுகின்றது. பின்னர்ப் புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் சூடேறி நிலைமையை உணர்த்த, கணினி பெட்ரோலைக் குறைத்துக் குறையை மறைத்துவிடுகின்றது. நோய் மெக்கானிக்கின் கண்ணுக்கு அகப்படாமைக்கும் இதுவே காரணம்.

சோதனை எளிது. குளிர்ந்த எஞ்சினில், நெருப்பு அணுகாத வெளியிடத்தில், கரிக்கலத்திலிருந்து வரும் குழாயை வால்வினின்று கழற்றி, எஞ்சினை இயக்கி, வால்வின் திறந்த வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுதல் தோன்றலாகாது. விரலைப் பற்றியிழுக்குமாயின் வால்வு கெட்டதென்றே கொள்ளலாம். கணினியிற் பி0496 என்னும் குறி பதிந்திருப்பின் அதுவும் சான்றாகும். பதியாமையால் மட்டும் வால்வு நல்லதென்று துணியலாகாது.

வால்வை மாற்றுமுன் அது கெட்டதேன் என்பதையும் வினவுதல் வேண்டும். பங்க்கின் குழல் தானே நின்றபின்னும் விளிம்புவரை ஊற்றும் வழக்கமுடையார் பலர். ஆவிக்கென அமைந்த கலத்துள் திரவமே புகுந்து கரியை நனைத்துக் கெடுக்கின்றது. உதிர்ந்த கரித்தூள் வால்வை அடைகின்றது. அந்நிலையிற் புது வால்வும் நெடுநாள் நில்லாது, கலத்தையும் மாற்றவேண்டும். நிரப்பும்போது குழல் அடிக்கடி தானே நின்றுவிடுமாயின் அது வேறு குறை. கலத்தின் காற்றுவழி அடைபட்டிருக்கும். 2011-ஆம் ஆண்டில் ஒரு கம்பெனி தன் கார்களுட் பல்லாயிரத்தைத் திரும்ப அழைக்க நேர்ந்தது, அக்காற்றுவழியில் மஞ்சட் சிலந்திகள் கூடு கட்டியமையாலேயே!

புது வால்வு பொருத்தியபின் கொட்டகையில் ஓட்டிப் பார்ப்பது பயன்படாது. தொட்டி காற்பங்காகக் குறையுமளவும் காத்திருந்து, பங்க்கிற் சென்று நிரப்பி, அங்கேயே உடனே சாவியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.